கூஜாவில் தெரிந்த ஜன்னல்

அத்தியாயம் 4

கண்காட்சி நாளை மாலை திறக்கிறது. முந்தின நாளே காலரிக்குள் நுழைந்த நான் முதல் காரியமாக ஒரு பிளாஸ்டிக் வாளியை நகர்த்தினேன். மூலையில் பாதித் தண்ணீரோடு நின்றது. கூரை ஒழுகுகிறது போல, யாராவது காலில் இடித்துக்கொள்ளப் போகிறார்களே என்று நல்ல மனசோடு ஓரம் தள்ளினேன். காலரிக்காரம்மா ஓடி வந்து, அது வாளி இல்லை, படைப்பு என்றார். அதற்கப்புறம் அங்கே நாற்காலியைப் பார்த்தால்கூட உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை.

"கையைக் கட்டிட்டு வா, வாயாடி" என்றார் பாஸ்.

பாஸ் துப்பறிகிறவர். நான் அவருடைய உதவியாளர். யோசிப்பது அவர், பேசுவது நான், கூஜா தூக்குவதும் நான். அன்றைக்கு நிஜமாகவே ஒரு கூஜாவைத் தேடித்தான் வந்திருந்தோம்.

வழக்கு இதுதான். ஓவியர் ஒருவர் போன மழைக்காலத்தில் வீட்டைவிட்டு இறங்கிப் போனவர், திரும்பவில்லை. போலீஸ் தேடுகிறோம் என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டதாம். ஆனால் அவர் காணாமல் போன பிறகு அவருடைய புதுப்படங்கள் ஒவ்வொன்றாக இந்தக் காலரிக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவர் மனைவி ஒரு சலவைக்கடை கல்லாவில் வேலை பார்க்கிறார். எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து அவர் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"உயிரோட இல்லாதவர் எப்படிங்க படம் போடுவார்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். வீட்டில் இன்னும் அவர் வாசனை, பெயிண்ட் கரைக்கிற அந்த டர்பன்டைன் வாசனை, போகவே இல்லை என்றார். அவர் வழக்கமாக வரைகிற கூஜா, ஸ்டுடியோவைக் காலி செய்தபோது அங்கே இல்லையாம். சாகப் போகிற மனுஷன் கூஜாவைக் கையோடு எடுத்துக்கொண்டா போவான் என்று என்னையே கேட்டார். பாஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: கண்டுபிடித்தது நல்லதோ கெட்டதோ, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன். அந்த அம்மா உடனே சரி என்றார். நல்லதைத் தவிர வேறொன்று அவர் நினைப்பிலேயே இல்லை.

காலரிக்குள் ஆணி அடிக்கிற சத்தம். ஒருவர் ரசமட்டம் வைத்துச் சட்டத்தைச் சரிபார்க்க, இன்னொருவர் படத்துக்குப் பக்கத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். முன்கூடத்தில் ஓவியரின் பழைய படங்கள். உள்சுவரில் காணாமல் போன பிறகு வந்த புதுப்படங்கள். எல்லாவற்றிலும் ஒரே மேஜை, ஒரே துணி, எலுமிச்சம்பழம், பளபளவென்று ஒரு கூஜா. ஆயுசு பூராவும் ஒரு கூஜாவையே பார்த்துக்கொண்டிருந்தவர் வீட்டைவிட்டுப் போனதில் ஆச்சரியமில்லை என்று நினைத்தேன். சொல்லவில்லை. காலரிக்காரம்மா ஏற்கெனவே வாளிக் கோபத்தில் இருந்தார்.

படங்கள் எப்படி வருகின்றன என்று கேட்டோம். பார்சலில் வருகின்றன, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு புக்கிங் ஆபீஸ், அனுப்புநர் இடத்தில் ஓவியரின் பெயர் மட்டும் என்றார். கடைசியாக வந்ததைப் பிரித்தபோது பெயிண்ட் காயவே இல்லையாம், கட்டைவிரல் ஒட்டிக்கொண்டதாம். எனக்குப் பரபரப்பாகிவிட்டது. அந்தப் பார்சல் ஆபீஸ்களைச் சல்லடை போட்டுச் சலித்துவிடலாம் என்றேன்.

பாஸ் வேண்டாம் என்றார். தடவைக்குத் தடவை ஆபீஸை மாற்றுகிற அளவுக்கு உஷாரான ஆள் அங்கே மாட்டமாட்டார். உஷாராக இருக்கத் தோன்றாத இடம் எது என்று பார்க்க வேண்டும், அது படத்துக்குள்தான் இருக்கும், வரைந்தவர் அங்கேதான் தன்னை மறந்திருப்பார் என்றார். 'அவர்' என்று சொல்லாமல் 'வரைந்தவர்' என்று பாஸ் சொன்னதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அதையே பூதக்கண்ணாடி மாதிரி பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கூஜாவாகப் பார்த்துக்கொண்டு போனார். பழைய படங்களில் கூஜாவின் வயிற்றில் நகத்தளவுக்கு ஒரு வெளிச்சம். கிட்டே போனால் அது ஒரு ஜன்னல். மூன்று கண்ணாடி பதித்த அகலமான ஜன்னல். புதுப்படங்களுக்கு வந்தோம். அங்கேயும் கூஜாவில் ஜன்னல் இருந்தது, ஆனால் வேறு ஜன்னல். உயரமாக, ஒடுக்கமாக. கீழ்ப்பாதி வெள்ளையாக எதையோ வைத்து மறைத்திருந்தது. மேலே வலதுகோடிச் சதுரம் மட்டும் இருட்டு.

மனைவி சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. கண் முன்னால் இல்லாததை அவர் வரையவே மாட்டாராம். எலுமிச்சம்பழம் அழுகினால் அழுகலையும் சேர்த்து வரைவாராம். இப்படி வரைந்து பழகினவர்களுக்கு ஜன்னலைக் கற்பனை செய்ய வராது, கூஜாவில் தெரிந்தால் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றார் பாஸ். அவர் மூக்கு வியர்த்துவிட்டது.

"அப்போ இந்த ஜன்னலைக் கண்டுபிடிச்சா ஆளைக் கண்டுபிடிச்ச மாதிரி" என்றேன். "ஊர்ல இருக்கறது எத்தனை ஜன்னல், பாஸ்? தினம் பத்துத் தெருன்னு போனாக்கூட நான் கிழவியாயிடுவேன்."

"வாய் மட்டும் அப்படியே இருக்கும்" என்றார் பாஸ்.

காலரியிலிருந்து நேரே ஓவியரின் பழைய ஸ்டுடியோவுக்குப் போனோம், அது ஒரு கிடங்கில் இருந்தது. பிளைவுட் பலகையால் அறை அறையாகத் தடுத்து ஓவியர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு அறையில் ஒரு பெண் குழந்தைகள் புத்தகத்துக்கு முயல் போட்டுக்கொண்டிருந்தார். பதிப்பகம் முயலை ஏழாவது தடவையாகத் திருப்பி அனுப்பியிருந்தது, காது சோகமாக இருக்கிறதாம். அடுத்த அறை பூட்டிக் கிடந்தது, அந்த ஓவியர் பகலில் டெலிவரி வேலைக்குப் போகிறாராம். காலரியில் படத்துக்கு மேல் விளக்குப் போட்டு வைத்திருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பிளைவுட் தெரியாது. எனக்கு அந்த முயலைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கடைசி அறைக்காரரை எல்லாரும் தாடி என்றார்கள். ஹோட்டல்களுக்குப் படம் வரைகிறவர். அறைக்கு ஒரு படகு. சுவர் முழுக்க ஒரே படகு வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு ஆர்டர் வந்தால் தானே அதில் ஏறிப் போய்விடுவேன் என்று சொல்லி, உட்கார ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டார். காணாமல் போனவரும் தாடியும் ஒரே வகுப்பில் படித்தவர்களாம். எதிர்ச்சுவரில் மூன்று கண்ணாடி பதித்த அகலமான ஜன்னல் இருந்தது. பழைய கூஜாவின் ஜன்னல்.

புதுப்படங்களைப் போனில் காட்டினோம். அந்த ஒடுக்க ஜன்னல் இந்தக் கட்டடத்திலேயே கிடையாது என்றார். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். முதலில் முகத்தில் சிரிப்பிருந்தது. நண்பர் உயிரோடு இருக்கிறார் என்ற சிரிப்பு. மூன்றாவது படத்தில் அது நின்றுவிட்டது.

"வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருது பாருங்க."

வலப்பக்கத்திலிருந்து வந்தது. கூஜாவின் வலது விலாவில்தான் ஜன்னல் இருந்தது. பழைய படங்களில் எல்லாம் இடது விலா. அதனாலென்ன என்று கேட்டேன்.

தாடி தூரிகையை வலதுகையிலெடுத்து, ஜன்னல் தன் வலப்பக்கம் வரும்படி நின்று காட்டினார். வலதுகை முழுக்கப் படகின் மேல் நிழலாக விழுந்தது. "வலதுகைக்காரன் எவனும் வெளிச்சத்தை வலப்பக்கம் வெச்சுக்க மாட்டான். போடற இடமெல்லாம் அவன் கையோட நிழலே விழும். முதல் நாளே சொல்லிக் குடுத்துடுவாங்க. இதைப் போட்டது இடதுகை."

ஓவியர் வலதுகைக்காரர். கையில் அடிபட்டு, இடதுகையால் பழகியிருக்கலாமே என்று நான் விடாமல் இழுத்தேன். அந்த அம்மாவின் சிரிப்பு என் கண் முன்னாலேயே நின்றது. தாடி தலையை ஆட்டினார். இது தடுமாறிப் பழகின கை இல்லை, சின்ன வயசிலிருந்தே இடதுகையால் போட்ட கை, அதுவும் அவருக்குப் பக்கத்திலேயே இருந்து பார்த்து வளர்ந்த கை என்றார். சொல்லி முடித்ததும் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது அவருக்கு. தூரிகையை நெடுநேரம் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

யார் என்று பாஸ் கேட்டார்.

"விட்டுடுங்க சார்" என்றார் தாடி. "இதைக் கண்டுபிடிச்சு யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல."

வெளியே வந்து பாஸ் என் போனை வாங்கினார். படத்தில் கூஜா ஜன்னலைப் பெரிதாக்கி, இடவலம் மாற்றச் சொன்னார். கண்ணாடியில் தெரிவதெல்லாம் மாறித்தானே தெரியும், கூஜாவும் ஒரு கண்ணாடிதான். மாற்றியதும் இருட்டுச் சதுரம் இடதுகோடிக்குப் போனது.

"டர்பன்டைன் வாசனை எத்தனை நாள் நிக்கும், வாயாடி?"

டப்பாவை மூடிவிட்டால் இரண்டு நாளில் போய்விடும் என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது, அந்த வீட்டுக்குள்ளேயே யாரோ இன்னும் படம் போடுகிறார்கள். போக வேண்டாம் பாஸ், இந்த வழக்கு நமக்கு வேண்டாம் என்று முதல்தடவையாக அவரிடம் சொன்னேன். அவர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

ஓவியரின் வீட்டில் அவர் மகள்தான் இருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர், முப்பதை எட்டாத வயசு. அம்மா கடையிலிருந்து இன்னும் வரவில்லை என்றாள். வாசல்படியிலேயே அந்த வாசனை மூக்கில் ஏறியது. பழசு இல்லை, இன்று காலையில் திறந்த டப்பாவின் காரம். அந்த வாசனையோடேயே குடும்பம் நடத்தினவருக்கு அது பழசா புதுசா என்று எங்கே தெரியப் போகிறது.

பின்னறையைப் பார்க்க வேண்டும் என்றார் பாஸ். பிள்ளைகளின் பரீட்சைப் படங்கள் இருக்கின்றன, யாரையும் விடுவதில்லை, அம்மாவைக்கூட என்றாள். பாஸ் வற்புறுத்தவில்லை. போனை அவளிடம் நீட்டி, கூஜாவின் வயிற்றில் இருந்த ஜன்னலை மட்டும் காட்டினார். அவள் நெடுநேரம் பார்த்தாள். எல்லாவற்றையும் யோசித்துச் செய்தவளுக்கு இது மட்டும் தோன்றவே இல்லை. கூஜாவில் ஜன்னல் தெரிந்தது, போட்டாள். அப்பா சொல்லிக்கொடுத்த பாடம்.

சாவியை எடுத்து இடதுகையால் பூட்டைத் திறந்தாள்.

உயரமான ஒடுக்க ஜன்னல். எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்காமலிருக்கக் கீழ்ப்பாதியில் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. மேலே இடதுகோடியில் உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக அட்டை. மேஜைமேல் துணி, எலுமிச்சம்பழம், கூஜா. ஸ்டாண்டில் பாதி முடிந்த படம், பெயிண்ட் ஈரத்தோடு மின்னிக்கொண்டிருந்தது.

சுவரோரம் பெரிய பெரிய கான்வாஸ்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. நான் கேட்காமலே ஒன்றைத் திருப்பினேன். சலவைக்கடையில் நின்றபடியே தூங்குகிற ஒரு பெண். அவள் அம்மா. கூஜாவும் எலுமிச்சையும் பார்த்துப் பார்த்துச் சலித்த என் கண்ணுக்குக்கூட அது வேறு ரகம் என்று தெரிந்தது. இவற்றை வைத்துத் தன் பெயரில் தனியாக ஒரு கண்காட்சி வைக்க இருந்தாளாம். அதற்குள் அப்பா காணாமல் போனார்.

மழை விட்ட பிறகு பக்கத்து ஊர் போலீஸிலிருந்து அவள் போனுக்குத்தான் அழைப்பு வந்தது. அந்த ஊர் ஆற்றில் ஒதுங்கிய உடல், வந்து அடையாளம் காட்டுங்கள் என்றார்கள். அம்மாவிடம் சொல்லாமல் தனியாகப் போனாள். முகத்தில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. கையைப் பார்த்தாள். எந்தச் சோப்புக்கும் போகாத நீலம் நகக்கண்ணில் இருந்தது. கையெழுத்துப் போட்டாள். அங்கேயே காரியம் முடிந்தது. விழுந்தாரா, இறங்கினாரா என்பது யாருக்கும் தெரியாது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குத்தான் காலரிக்காரம்மா காலரியின் சாமான் அறையில் எங்கேயோ கிடந்த ஒரு படத்தை எடுத்து மாட்டியிருந்தார். அப்பா எப்போதோ போட்ட பழைய படம். அம்மா அதற்குமுன் அதைப் பார்த்ததில்லை. மகள் கதவைத் திறந்தபோது, வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாத அம்மா தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"புதுப்படம் வந்திருக்குடி, அப்பா எங்கியோ உக்காந்து வேலை பாத்துட்டிருக்கார்னு சொன்னாங்க" என்றாள் மகள். "நான் எப்படிச் சொல்வேன்? அப்புறம் அடுத்தது எப்போ வரும்னு தினம் கேட்டாங்க. சாப்பாடு மறுபடி குறைஞ்சுது. அடுத்ததை நான் போட்டேன். அதுக்கடுத்ததையும் நான்தான் போட்டேன்."

அந்தப் படங்கள் கொடுத்த தைரியத்தில்தான் அம்மா எங்களைத் தேடி வந்தார். அவரைச் சாப்பிட வைக்க மகள் ஊட்டிய நம்பிக்கை, மகளையே பிடித்துக் கொடுக்க ஆள் அனுப்பியிருந்தது. என் தொழிலில் நான் பார்த்ததிலேயே மோசமான வழக்கு இதுதான். குற்றவாளி என்று கைகாட்ட ஒருத்தர்கூட இல்லை.

நாங்கள் யாரும் வாசல் கதவு திறந்ததைக் கேட்கவில்லை. அம்மா பின்னறை வாசலில் நின்றிருந்தார். நாளைக்குக் கண்காட்சி என்று கடையில் சீக்கிரம் அனுப்பிவிட்டார்களாம். தோளில் நாளைக்குக் கட்ட இஸ்திரி போட்ட புடவை. கூஜாவைப் பார்த்தார். மகள் விரலிலிருந்த பெயிண்டைப் பார்த்தார்.

பாஸ் தொண்டையைச் செருமினார். நிபந்தனை போட்டவர் அவர். ஆனால் மகள் முந்திக்கொண்டாள்.

"அப்பா இல்லம்மா. நான் போய்ப் பாத்தேன்."

"முகத்தைப் பாத்தியா?"

"கையைப் பாத்தேன்மா. நகத்துல நீலம் இருந்துது."

"பெயிண்ட் வேலை பாக்கற எல்லார் நகத்துலயும்தான் இருக்கும்."

"இந்தப் படமெல்லாம் நான் போட்டதும்மா."

அம்மா ஸ்டாண்டுக்குக் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அழவில்லை. அழுதிருந்தால் நான் போய்ப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"நல்லாத்தான் போட்டிருக்கே. ஆனா முதல்ல வந்துது பாரு, அது நீ போட்டதில்ல. அது அவர் கை. எனக்குத் தெரியாதா?"

அது உண்மைதான். அந்த ஒன்று அவர் கைதான். அது அவர் காணாமல் போவதற்கு முன்னால் போட்டது, காலரியின் சாமான் அறையில் கிடந்தது என்று பாஸ் பொறுமையாக, ஒன்றுக்கு இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். அந்த அம்மா குழந்தை உளறுவதைக் கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டார். பிறகு மகளிடம் திரும்பி, இதையும் முடித்துவிடு, பாதியில் விட்டால் அப்பாவுக்குப் பிடிக்காது என்றார். மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு அவர் வருவார் சார்" என்றார் அம்மா பாஸிடம். "திறப்பு விழாவுல கூட்டத்தோட பின்னாடி நின்னு, யார் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு நைசா போயிடுவார். எப்பவும் அப்படித்தான். நீங்க வாசல்ல நின்னு பாத்துக்குங்க, விட்டுடாதீங்க."

உள்ளதை உள்ளபடி சொல்கிற மனுஷன் என் பாஸ். அதற்காக எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவர் மகளைப் பார்த்தார், அவள் நிமிரவில்லை.

"நிக்கிறேம்மா" என்றார்.

மறுநாள் மாலை காலரி வாசலில் இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் நானும் நின்றோம். உள்ளே விளக்கு, பேப்பர் கப்பில் ஜூஸ், வாளியைச் சுற்றி ஒரு கூட்டம். அம்மா அந்த இஸ்திரி போட்ட புடவையில், படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாசலையே பார்த்து நின்றார். நுழைகிற ஒவ்வொரு ஆணின் முகத்திலும் அவர் கண் போய் விழுந்து திரும்பியது. நானும் பார்த்தேன். இல்லாத ஒருவரை முகம் முகமாகத் தேடினேன். கண்ணாடி போட்ட ஒருவர் மகளின் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் அப்பா இத்தனை வருஷத்தில் போட்டதையெல்லாம் இந்தக் கடைசிப் படங்கள் தூக்கிச் சாப்பிட்டுவிட்டன என்றார். அவள் நன்றி என்றாள்.

கூட்டம் கரைந்தது. காலரிக்காரம்மா படங்களுக்கு மேலிருந்த விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். முகம் வாடவே இல்லை.

"முதல் நாள் கூட்டம் ஜாஸ்தி, அதான் வரலை. அவருக்குக் கூட்டம்னா கூச்சம். மாசக் கடைசிவரைக்கும் இருக்கே. நாளைக்கு வந்துடுவீங்க இல்ல?"

மறுநாளும் போய் நின்றோம்.